டப்பாவின் அடியில் ஒரு 5

கேள்வி: எங்கள் வீட்டில் ஒரு சின்னச் சண்டை. மூன்றாம் வகுப்பு படிக்கும் மகளின் சாப்பாட்டு டப்பா, மைக்ரோவேவில் வைக்கும் கிண்ணம், ஊறுகாய் டப்பா எல்லாவற்றின் அடியிலும் முக்கோணத்துக்குள் 5 என்று போட்டிருக்கிறது. '5 இருந்தால் எதற்கும் பயப்பட வேண்டாம்' என்கிறார் கணவர். 'பிளாஸ்டிக் எல்லாமே விஷம், தூக்கிப் போடு' என்கிறார் மாமியார். பிரசவத்துக்கு வந்திருக்கும் நாத்தனார் வைத்திருக்கும் பால் பாட்டிலிலும் அதே 5. யார் சொல்வது சரி? டப்பாவில் படிந்த சாம்பார் கறை போக வழி உண்டா? அப்புறம், சம்பந்தமில்லாத இரண்டு விஷயம். போன வாரம் மொட்டை மாடியில் மாமனார் உட்கார்ந்த பிளாஸ்டிக் நாற்காலியின் கால் சட்டென்று முறிந்துவிட்டது. நல்லவேளை, முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. பரணில் சேர்த்து வைத்திருந்த தாம்பூலப் பைகளை எடுத்தால் துணி பொடிப்பொடியாக உதிர்கிறது. இதெல்லாம் ஏன்?
(ஒரு வாசகி, திண்டுக்கல்)

பதில்: சம்பந்தமில்லாத விஷயம் என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் முழு சம்பந்தமும் இருக்கிறது. டப்பா, கிண்ணம், பால் பாட்டில், முறிந்த நாற்காலி, உதிரும் தாம்பூலப் பை எல்லாமே ஒரே பொருள்தான். பாலிப்ரொப்பிலீன். எங்கள் தொழிலில் சுருக்கமாக பிபி. ஜவுளிக்கடையில் புடவையைப் போட்டுக் கொடுக்கும் சரசரக்கும் கண்ணாடிக் கவரைக் கடைக்காரர்கள் 'பிபி கவர்' என்பார்களே, அதே பிபி. கிண்டியில் உள்ள மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்பக் கல்லூரியான சிப்பெட்டில் படித்து முடித்த நாளிலிருந்து முப்பது வருடமாக இதை உருக்கி அச்சில் ஊற்றுவதுதான் என் பிழைப்பு. அதனால் கொஞ்சம் பாசத்தோடு பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வீட்டுச் சண்டை. இரண்டு பேருக்கும் பாதிப் பாதி மார்க் போடலாம். 5 என்பது பொருளின் பெயர், பாஸ் மார்க் அல்ல. 1988-இல் அமெரிக்க பிளாஸ்டிக் தொழில் சங்கம் குப்பையைத் தரம் பிரிப்பவர்களுக்காக 1 முதல் 7 வரை எண் வைத்தது. தண்ணீர் பாட்டில் 1, பிவிசி குழாய் 3, தெர்மோகோல் 6 என்று போகும். சமையலறையில் நிற்பவரை நினைத்து வைத்த எண் அல்ல அது. ஒருவர் பெயர் முருகன் என்று தெரிந்துவிட்டால் அவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிடலாமா? அந்த அளவுக்குத்தான் இந்த 5-ஐ நம்பலாம். அதற்காக மாமியார் சொல்வது போல விஷம் என்று தள்ளவும் வேண்டாம். பிளாஸ்டிக் பயத்தில் பெரும்பகுதி பிஸ்பீனால் ஏ என்ற ரசாயனத்தால் வந்தது. அது பாலிகார்பனேட் என்ற வேறு பிளாஸ்டிக்கின் மூலப்பொருள். பாலிப்ரொப்பிலீன் செய்ய அது தேவையே இல்லை.

எண் அழிந்துபோன டப்பா இருந்தால் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். மகளையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள், அவளுக்குப் பிடிக்கும். உடைந்த டப்பா, தண்ணீர் பாட்டில், அதன் மூடி, பிவிசி குழாய் இவற்றிலிருந்து நகக்கண் அளவு துண்டுகளை வெட்டி, ஒரு சொட்டு சோப்பு கலந்த தண்ணீரில் போட்டு அமுக்கி விடுங்கள். பாட்டில் துண்டும் குழாய்த் துண்டும் அடியில் போய் உட்காரும். மூடியும் டப்பாவும் மேலே வந்து மிதக்கும். பாலிப்ரொப்பிலீனின் ஒரு கன சென்டிமீட்டர் எடை 0.9 கிராம்தான், தண்ணீரை விட லேசு. மிதப்பவை இரண்டு வகை: பாலித்தீனும் பாலிப்ரொப்பிலீனும். நகத்தால் அழுத்திக் கீறுங்கள். மெழுகில் கீறியது போல் கோடு விழுந்தால் பாலித்தீன், நகம் வழுக்கிக்கொண்டு போனால் பாலிப்ரொப்பிலீன். பழைய பிளாஸ்டிக்கை அரைக்கும் இடங்களில் பாட்டிலையும் மூடியையும் தொட்டியில் பிரிப்பது இதே மிதக்கும் கணக்கில்தான்.

இந்தப் பொருள் பிறந்த கதை கொஞ்சம் சுவாரசியமானது. புரொப்பிலீன் என்பது பெட்ரோலியத்தைப் பிளக்கும்போது கிடைக்கும் வாயு. அதன் மூலக்கூறுகளைக் கோத்தால் ஒவ்வொரு கணுவிலும் ஒரு சின்னக் கிளை நீட்டிக்கொண்டு நிற்கும். கிளைகள் இஷ்டத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக நின்றால் கிடைப்பது பிசுபிசுவென்று ஒரு கோந்து, எதற்கும் உதவாது. பூக்கட்டுபவரைக் கவனித்திருப்பீர்கள். மொட்டுகளை ஒரே மாதிரி திருப்பி வைத்துக் கட்டினால் சரம் அடர்த்தியாக, உருண்டையாக வரும். கன்னாபின்னாவென்று வைத்தால் தொளதொளவென்று கிடக்கும். 1954 மார்ச்சில் இத்தாலியின் ஜூலியோ நாட்டா, ஜெர்மனியின் கார்ல் சீக்லர் கண்டுபிடித்த வினையூக்கியைப் பயன்படுத்தி, கிளைகள் எல்லாம் ஒரே பக்கம் நிற்கும்படி கோத்துவிட்டார். கோந்து கெட்டிப் பொருளாகிவிட்டது. அந்த ஒழுங்குக்கு 'ஐசோடாக்டிக்' என்று பெயர் வைத்தது நாட்டாவின் மனைவி ரோஸிட்டா. 1957-இல் ஃபெராரா நகரில் ஆலை ஓட ஆரம்பித்தது, 1963-இல் இருவருக்கும் நோபல் பரிசு. இதற்கு முன்பே 1951-இல் அமெரிக்காவில் ஹோகன், பேங்க்ஸ் என்ற இருவர் இதைச் செய்துவிட்டார்கள். யார் முதல் என்று வழக்கு இழுத்து, அவர்களுக்கு காப்புரிமை கிடைத்தபோது வருடம் 1983. நம் ஊர் வரப்புத் தகராறு எவ்வளவோ தேவலாம்.

அந்தக் கிளை உங்களுக்கு நினைவில் இருக்கட்டும். இந்தப் பொருளின் பலமும் பலவீனமும் அதில்தான் இருக்கிறது. நாற்காலி முறிந்ததும் அதனால்தான்.

பலம் என்று பார்த்தால், அமிலமும் காரமும் இதை ஒன்றும் செய்வதில்லை. கார் பேட்டரியின் பெட்டியே இதுதான், உள்ளே கந்தக அமிலத்தை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. ஊசி போடும் சிரிஞ்சின் குழல் இது. குடலிறக்க அறுவை சிகிச்சையில் வயிற்றுச் சுவருக்குள் வைக்கும் வலையும் பெரும்பாலும் இதே பொருள். ஷாம்பு பாட்டிலின் மடக்கித் திறக்கும் மூடியைப் பாருங்கள். மூடியையும் உடலையும் இணைப்பது தாள் போன்ற ஒரு மெல்லிய பட்டை. தனிக் கீல் கிடையாது. லட்சம் முறை மடக்கினாலும் தாங்கும், மடக்க மடக்க அதன் இழைகள் மடிப்புக்குக் குறுக்கே வரிசையாக நீண்டு உறுதிப்படும். உங்கள் மகளின் டப்பாவில் இருபக்கமும் கிளிப் இருந்தால் அதன் அடியிலும் அந்தக் கோடு இருக்கும். வேறு பிளாஸ்டிக்கில் இப்படிச் செய்தால் பத்து நாளில் கையோடு வந்துவிடும்.

சரி, சமையலறைக்கு வருவோம். இது உருகுவது ஏறக்குறைய 165 டிகிரி செல்சியஸில். கொதிக்கும் தண்ணீர் 100 டிகிரி. அதனால் சூடான சாதத்தைப் போட்டால் டப்பா உருகாது. ஆனால் உருகுவதற்கு வெகு முன்பே, 100-ஐத் தாண்டியதுமே, இறுக்கம் குறைந்து தொளதொளக்க ஆரம்பிக்கும். எண்ணெய் இங்கேதான் வில்லன். கடுகு பொரியும் எண்ணெய் இந்த உருகுநிலையை எளிதாக எட்டிவிடும். தயிர்சாதத்தை டப்பாவில் போட்டுவிட்டு, தாளிப்பை அதன்மேலேயே கொட்டும் அவசரம் எல்லா வீட்டிலும் உண்டு. எங்கள் வீட்டிலும் உண்டு. டப்பாவின் ஓரத்தில் அம்மைத் தழும்பு மாதிரி ஒரு பள்ளம் அதற்குச் சாட்சி. சட்டியிலேயே தாளித்துக் கலந்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் டப்பாவில் போடுங்கள். எண்ணெயிலிருந்து எடுத்த வடைக்கும் இதே விதி.

மைக்ரோவேவும் இதே கதைதான். தண்ணீர் நிறைய உள்ள பண்டம் 100 டிகிரியைத் தாண்டாது. எண்ணெய் மிதக்கும் குழம்பு அப்படி அல்ல, மேலே நிற்கும் எண்ணெய் தனியாகச் சூடேறும். உங்கள் கிண்ணத்தை வெளிச்சத்தில் சாய்த்து உள்சுவரைத் தடவிப் பாருங்கள். குழம்பின் மேல்மட்டம் நின்ற இடத்தில் வளையம் போட்டது போல் சொரசொரப்பாக, வெள்ளையாக இருந்தால் அந்தக் கிண்ணத்தின் காலம் முடிந்தது. 'மைக்ரோவேவ் சேஃப்' என்ற முத்திரைக்கு முக்கியமான அர்த்தம் கிண்ணம் நெளியாது, உருகாது என்பது. நான் என் வீட்டில் சூடாக்குவதற்குக் கண்ணாடிக் கிண்ணம்தான் வைத்திருக்கிறேன். மூடியையும் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். உடல் 5 ஆக இருந்தாலும், வளைந்து கொடுக்கும் மெத்தென்ற மூடி பல டப்பாக்களில் 4, அதாவது பாலித்தீன். அதற்குச் சூடு இன்னும் ஆகாது. சூடாக்கும்போது மூடியைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

ஹோட்டல் பார்சல் வரும் மெல்லிய டப்பாக்களிலும் 5 இருக்கும். கழுவி மிளகாய் வற்றல், பருப்பு போட்டு வைக்கலாம், திரும்பத் திரும்பச் சூடு பண்ண வேண்டாம். கறுப்பு டப்பாவை நான் அதற்கும் எடுப்பதில்லை. பல நிறத்துப் பழைய பொருளை அரைத்துக் கலந்தால் கடைசியில் கறுப்புச் சாயம்தான் போட்டாக வேண்டும். எல்லாக் கறுப்பும் அப்படி என்று சொல்ல மாட்டேன். பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் சிக்கல்.

சாம்பார் கறைக்கு வருகிறேன். மஞ்சளின் நிறமியான குர்க்குமின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். பாலிப்ரொப்பிலீனும் எண்ணெயும் தாயாதிகள் மாதிரி, ஒன்றோடொன்று ஒட்டி உறவாடும். சூடான சாம்பாரின் எண்ணெய் மஞ்சளையும் கூட்டிக்கொண்டு டப்பாவின் மேல்தோலுக்குள் நுழைந்துவிடுகிறது. அதன்பிறகு எவ்வளவு தேய்த்தாலும் வராது, ஏனென்றால் கறை மேலே இல்லை. கம்பி நாரால் தேய்த்தால் கீறல்தான் மிஞ்சும், அடுத்த சாம்பார் இன்னும் சுகமாக உள்ளே போகும். (சோப்பு பட்டதும் மஞ்சள் கறை சிவப்பாக மாறுவதைக் கண்டு பயந்துவிடாதீர்கள். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பைக் கலந்தால் சிவக்கிறதே, அதே வேலைதான்.) குர்க்குமினுக்கு வெயில் ஆகாது. எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவி, டப்பாவைத் திறந்து வெயிலில் வையுங்கள். பாதி நாளில் பாதி வெளுக்கும், இரண்டு நாளில் அடையாளம் மட்டும் இருக்கும். அங்கேயே மறந்து விட்டுவிடாதீர்கள், காரணம் நாற்காலிக் கதையில் வருகிறது. கறை வராமலே பார்த்துக்கொள்ள ஒரே வழி, சாம்பாரை ஆறவிட்டு ஊற்றுவது.

ஊறுகாயின் புளிப்பும் உப்பும் இந்த டப்பாவை ஒன்றும் செய்யாது. பேட்டரி அமிலத்துக்கே அசையாதது எலுமிச்சைக்கா அசையப் போகிறது. பிரச்சினை மறுபடியும் எண்ணெய்தான். மாதக்கணக்கில் ஊறினால் வாசனையும் நிறமும் ஏறிவிடும். மேசையில் வைக்கும் ஒரு வாரத்து ஊறுகாய்க்கு டப்பா போதும். வருஷத்து மாங்காய்க்கு உங்கள் மாமியாரின் பீங்கான் ஜாடிதான். இந்த இடத்தில் அவருக்கு முழு மார்க்.

ஃபிரீசருக்கு ஒரு வரி. சாதாரண பாலிப்ரொப்பிலீன் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே விறைத்துப் போகும். உறைந்த டப்பா கை நழுவி விழுந்தால் கண்ணாடி மாதிரி விரிசல் விடும். எத்திலீன் கொஞ்சம் சேர்த்துச் செய்த கோபாலிமர் வகை தாங்கும், ஆனால் டப்பாவின் மேல் அந்த விவரம் போட்டிருக்க மாட்டார்கள்.

பால் பாட்டில் விஷயத்தில் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். 2020-இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் பாலிப்ரொப்பிலீன் பால் பாட்டில்களைச் சோதித்தார்கள். பவுடர் பால் கலக்கும் வழக்கமான முறையில், ஒரு லிட்டருக்கு 1.6 கோடி வரை நுண்துகள்கள் தண்ணீரில் கலப்பதாகக் கண்டார்கள். 25 டிகிரித் தண்ணீரில் எண்ணிக்கை குறைவு. 95 டிகிரியில் பல மடங்கு. துகள்களின் எண்ணிக்கையைத்தான் அந்த ஆய்வு சொன்னது, இதனால் இன்ன நோய் வரும் என்று சொல்லவில்லை. ஆனால் அவர்கள் சொன்ன வழி காசு செலவில்லாதது. வெந்நீரையும் பவுடரையும் எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தில் கலந்து, வெதுவெதுப்புக்கு வந்தபின் பாட்டிலில் ஊற்றுவது. பாட்டிலைக் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்தபின், காய்ச்சி ஆறவைத்த தண்ணீரால் மூன்று முறை அலசுவது. பாட்டிலுக்குள் சூடான பாலை வைத்துக் குலுக்காமல் இருப்பது. கிருமி போவதற்காக வெந்நீரில்தான் பவுடரைக் கலக்க வேண்டும், அதில் குறை வைக்க வேண்டாம். கலக்கும் பாத்திரம் மட்டும் மாறட்டும். கண்ணாடிப் பால் பாட்டிலும் கிடைக்கிறது. எது வசதி என்று நாத்தனார் முடிவு செய்யட்டும், குழந்தைக்கு எந்தப் பால் என்பதை டாக்டர் சொல்லட்டும்.

இனி நாற்காலி. முன்னே சொன்ன கிளை நினைவிருக்கிறதா? கிளை பிரியும் கணுவில் இருக்கும் ஹைட்ரஜன் அணுவின் பிடி தளர்ந்தது. வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் அது எளிதில் பிய்ந்துவிடும். அந்த இடத்தில் காற்றின் ஆக்ஸிஜன் வந்து உட்காரும், சங்கிலி அறும். ஒன்று அறுந்தால் பக்கத்தில் இருப்பதையும் இழுத்துக்கொண்டு போகும். இதைத் தடுக்க ஒரு மருந்து சேர்ப்போம், யுவி ஸ்டெபிலைசர் என்று. விலை அதிகம். எங்கே விலையைக் குறைக்க வேண்டுமோ அங்கே முதலில் கை வைப்பது அதில்தான். அப்புறம் சுண்ணாம்புத் தூள் கொஞ்சம் கூடுதலாக விழும், எங்கள் பாஷையில் ஃபில்லர். கடையில் பார்த்தால் இரண்டு நாற்காலியும் ஒரே பளபளப்பு. ஆனால் திண்டுக்கல் மொட்டை மாடியில் இரண்டு சித்திரை கழிந்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். முதலில் நிறம் மங்கும். பிறகு தொட்டால் கையில் வெள்ளைப் பொடி ஒட்டும். பிறகு வறண்ட குளத்து மண் மாதிரி மேலே நுண்ணிய வெடிப்புகள். அந்த வெடிப்புதான் ஆபத்து. துணிக்கடைக்காரர் ஓரத்தில் கத்தரியால் ஒரு வெட்டுக் கொடுத்துவிட்டு மீதியைக் கையால் கிழிப்பார் அல்லவா, அதுபோல மெல்லிய வெடிப்பு இருந்தாலே உட்காரும் எடையில் கால் முழுவதும் பிளந்துவிடும். மாமனார் மேல் தப்பில்லை.

தாம்பூலப் பைக்கு வெயில்கூட வேண்டாம். அது துணியே அல்ல. பாலிப்ரொப்பிலீனை உருக்கி, முடியை விட மெல்லிய இழைகளாகப் பீய்ச்சி, பரப்பி, சூடான உருளையால் புள்ளி புள்ளியாக அழுத்தி ஒட்டவைத்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நெய்த துணியில் ஊடும் பாவும் தெரியும், இதில் வரிசையாகப் புள்ளிகள் மட்டும்தான். 2020-இல் நாமெல்லாம் முகத்தில் மாட்டிக்கொண்ட மருத்துவ முகக்கவசத்தின் வெளி அடுக்கும் இதே ரகம். இழை மெல்லியது, அதனால் காற்று படும் பரப்பு அதிகம். ஒரு தடவை பயன்படுத்தும் பொருள் என்பதால் மருந்தும் பேருக்குத்தான் சேர்த்திருப்பார்கள். கோடையில் பரண் அடுப்பு மாதிரி இருக்கும். அந்தச் சூடும் காற்றும் இரண்டு மூன்று வருடத்தில் வேலையை முடித்துவிடும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட பொருட்களில் இந்தப் பையும் உண்டு. துணிப்பை என்ற நினைப்பிலேயே இன்னும் பல கல்யாணங்களில் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பரணில் உதிர்ந்ததை விளக்குமாற்றால் பெருக்கிப் பறக்கவிடாமல் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். எரிக்க வேண்டாம். அடுத்த விசேஷத்துக்கு மஞ்சப்பை.

கடைசியாக ஒன்று, இதை இன்றைக்கே செய்யுங்கள். முறிந்த நாற்காலியோடு சேர்த்து வாங்கிய மற்றவையும் மாடியில்தானே இருக்கும்? அடர்நிறத் துணியால் அவற்றின் இருக்கையைத் துடைத்துப் பாருங்கள். வெள்ளையாக ஒட்டினால், காலும் இருக்கையும் சேரும் வளைவில் நகத்தை ஓட்டுங்கள். வெடிப்பு தட்டுப்பட்டால் யாரையும் உட்கார விடாதீர்கள். ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டு உட்காரலாமே என்று வீட்டில் யாராவது கிளம்புவார்கள். இரண்டும் ஒரே வெயிலில் வெந்தவை, சேர்ந்தே முறியும். பழைய சாமான் எடுப்பவரிடம் போட்டுவிடுங்கள், பாலிப்ரொப்பிலீனை அவர் சந்தோஷமாக எடுத்துக்கொள்வார். போடும் முன் ஒரு காலை மிதித்து உடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அது ஏதாவது டீக்கடை வாசலில் மறுபடி நாற்காலியாகவே வந்து நிற்கும்.